வீட்டிலேயே தோட்டா நிரப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறி, மான் வேட்டைக்கும் ரேஞ்சில் குறி சுடவும் போகத் தொடங்கிய தமிழர்கள் ஒரு கட்டத்தில் "தோட்டாவை நாமே நிரப்பினால் என்ன?" என்று கேட்கிறார்கள். அதையொட்டி வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எந்தத் தோட்டாவுக்கும் இங்கே வெடிமருந்தின் (இனி வெறும் "மருந்து") அளவு தரவில்லை. காரணம் 6ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புறதுன்னா சரியா என்ன பண்றோம்?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளை உறை, அதன் அடியில் பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பற்றி மருந்தைக் கொளுத்தும் சிறு மூடி), உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் பிரைமரும் மருந்தும் எரிந்துவிடும், குண்டு போய்விடும். உறை மட்டும் மிஞ்சும். நான்கில் விலை அதிகமானது பெரும்பாலும் அந்த உறைதான். அதை மீண்டும் பயன்படுத்துவதுதான் இந்த வேலை.

சுடும்போது உறை விரிந்து சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின்) சுவரோடு ஒட்டி, அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. ஆகவே வரிசை இப்படிப் போகும்: சுத்தம் செய்து பரிசோதிப்பது, டை என்ற உலோக அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது (அப்போதே பழைய பிரைமர் வெளியே வந்துவிடும்), நீளம் பார்த்து வெட்டுவது, புதுப் பிரைமர், மருந்து, கடைசியாகக் குண்டு. ரைபிள் உறை ஒன்று பல முறை தாங்கும். அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் ரிவால்வர் உறை அதைவிடவும் பல மடங்கு உழைக்கும்.

2. இது சட்டப்படி சரியா? எச்-1பி விசாவுல இருக்கிறவங்க செய்யலாமா? ஊருக்குப் போனா அங்கேயும்?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை. தொழிலாக நிரப்பி விற்றால் 06 வகைக் கூட்டாட்சி உரிமம் வேண்டும். மாநில, நகரச் சட்டங்களைத் தனியாகப் பாருங்கள். வாடகை வீடு என்றால் குத்தகை ஒப்பந்தத்தையும் படியுங்கள்.

விசா விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது சட்டமே தரும் விலக்குகளில் ஒன்று. அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். அங்கே இதைப் பொழுதுபோக்காக நினைக்கவே வேண்டாம். ஊருக்குக் கிளம்பும்முன் ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை எடுத்துப் போகாதீர்கள். ஜிப்புக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா விமான நிலையத்தில் வழக்காகிவிடும்.

3. காசு மிச்சமாகுமா?

எதைச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டா கடையிலேயே மலிவு, மிச்சம் சொற்பம். .45-70, .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற ரைபிள் தோட்டாக்களிலும், .308இல் போட்டித் தரக் குண்டு போட்டுச் சுடுவோருக்கும் நன்றாகவே மிஞ்சும். கணக்கு எளிது: ஒரு பவுண்டு மருந்து 7000 கிரெய்ன். ஒரு தோட்டாவுக்குச் சராசரியாக 40 கிரெய்ன் பிடித்தால் 175 தோட்டா. இது செலவுக் கணக்குக்கான எண் மட்டுமே, நிரப்ப வேண்டிய அளவு அல்ல. ஆன்லைனில் மருந்தோ பிரைமரோ வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனியாகச் சேரும். அதனால்தான் பலர் நண்பர்களோடு சேர்ந்து மொத்தமாக வாங்குகிறார்கள்.

உண்மையான லாபம் துல்லியம். உங்கள் ரைபிள் எந்தக் குண்டை, எந்த வேகத்தில் நெருக்கமாக அடிக்கிறது என்று கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறது. காசுக்காக மட்டும் ஆரம்பிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். அவசரம் இந்த வேலைக்கு ஆகாது.

4. ஆரம்பிக்க என்னென்ன வாங்கணும்?

ஒற்றை நிலைப் பிரஸ் (ஒரு இழுப்பில் ஒரே வேலை செய்யும் அழுத்துகருவி) ஒன்று, உங்கள் தோட்டாவுக்கான டை செட், உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், 0.1 கிரெய்ன் காட்டும் தராசு, அதைச் சோதிக்கும் எடைக்கற்கள், 0.001 அங்குலம் காட்டும் கேலிப்பர், உறை வெட்டும் கருவி, வாயின் பிசிறு நீக்கும் கருவி, மசகு, புனல், உறைகளை நிறுத்திவைக்க 50 குழியுள்ள பலகை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இவற்றோடு அச்சிட்ட கையேடு இரண்டு. ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, ரெட்டிங் என எந்த நிறுவனத்தின் டையும் பெரும்பாலான பிரஸ்களில் பொருந்தும், ஏனென்றால் மரை எல்லாவற்றிலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று.

பணம் குறைவென்றால் பிரஸ்ஸில் குறைத்துக்கொள்ளுங்கள், தராசில் குறைக்காதீர்கள். மலிவான எலக்ட்ரானிக் தராசு மின்விசிறிக் காற்றுக்கும் பக்கத்தில் கிடக்கும் செல்போனுக்கும் தள்ளாடும். நிரப்பப்போகும் அளவுக்கு நெருக்கமான எடைக்கல்லை ஆரம்பத்தில் ஒரு தடவை, ஒவ்வொரு 20 தோட்டாவுக்கு ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

5. நேரா புரோகிரசிவ் பிரஸ் வாங்கிட்டா வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், மணிக்கு நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் நான்கைந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எதில் கோளாறு என்று கையில் உணரத் தெரியாதவருக்கு அது கண்ணில் படாமலே போய்விடும். முதல் சில நூறு தோட்டாக்களை ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் செய்தால் டை எப்படி உட்காருகிறது, பிரைமர் ஏறும்போது கை என்ன உணர்கிறது என்று பழகிவிடும்.

6. மருந்து அளவு எங்க பார்க்கணும்? வீடியோல ஒருத்தர் சொன்னதைப் போடலாமா?

கூடாது. மருந்து தயாரிக்கும் நிறுவனமும் குண்டு தயாரிக்கும் நிறுவனமும் அழுத்தமானி வைத்துச் சோதித்து வெளியிடும் பட்டியல் மட்டுமே ஆதாரம். அந்தப் பட்டியலில் வரும் எண் மருந்துக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் குண்டு, அந்த எடை, அந்த உறை, அந்தப் பிரைமர், அந்த மொத்த நீளம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒன்றை மாற்றினால் கீழிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வேறொருவரின் துப்பாக்கியில் நன்றாக இருந்த உச்ச அளவு உங்கள் துப்பாக்கியில் வரம்பு மீறலாம்.

பட்டியலில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். உச்சம் மட்டும் இருந்தால் அதிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு, 15ஆம் கேள்வியைப் பாருங்கள். .308 அளவுள்ள உறையில் 0.3 முதல் 0.5 கிரெய்ன் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்க வேண்டும். சிறிய கைத்துப்பாக்கி உறைக்கு 0.1 கிரெய்ன் படிகளே போதும்.

பெயரில் ஏமாறாதீர்கள். எச்4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வெவ்வேறு மருந்து. எச்4895, ஐஎம்ஆர் 4895 கதையும் அதுவே. பெயரில் பாதியைப் படித்து டப்பாவை எடுத்தால் பட்டியல் பயனற்றுப்போகும்.

7. ரேஞ்சுல காலி உறை கொட்டிக் கிடக்கு. எல்லாத்தையும் அள்ளிக்கலாமா?

ரேஞ்ச் விதி அனுமதித்தால் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எஃகு, அலுமினிய உறைகளை விட்டுவிடுங்கள். உள்ளே விளக்கடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, நிரப்பலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை, சாதாரண டையின் ஊசி உடைந்துவிடும். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயரின் முறைதான்.

9 எம்எம் குவியலில் .380 உறை கலந்திருக்கும். .45 ஏசிபி உறைகளில் சிலவற்றுக்குச் சிறிய பிரைமர் குழி, பலவற்றுக்குப் பெரியது. பிரிக்காமல் ஓட்டினால் பிரஸ் பாதியில் முட்டி நிற்கும். ராணுவ உறையில் பிரைமரைச் சுற்றி வட்டமாக அழுத்தியிருப்பார்கள். அந்த விளிம்பைச் சுரண்டியோ அழுத்தியோ நீக்கினால்தான் புதுப் பிரைமர் ஏறும். .308இன் ராணுவ வடிவமான 7.62 நேட்டோ உறையின் சுவர் பொதுவாகத் தடிமன், உள் கொள்ளளவு குறைவு. அதே மருந்து அதிக அழுத்தம் தரும் என்பதால் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும்.

8. .22 தோட்டாவையும் நிரப்பலாமா?

.22 எல்ஆர் விளிம்பில் அடிக்கும் வகை. தீப்பற்றும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். நிரப்ப முடியாது, விட்டுவிடுங்கள்.

9. உறை டைக்குள்ள போய்ச் சிக்கிக்கிச்சு. ஏன்?

மசகு போதவில்லை. பாட்டில் போன்ற வடிவமுள்ள ரைபிள் உறைகளின் உடம்பில் மெல்லிய பூச்சு கட்டாயம், கழுத்தின் உட்புறத்திலும் கொஞ்சம். தோளில் அதிகம் தடவினால் மசகு போக இடமில்லாமல் பித்தளையில் பள்ளம் விழும். சின்னப் பள்ளம் அடுத்த முறை சுடும்போது நிமிர்ந்துவிடும், மடிப்பாக விழுந்தால் உறையைத் தூக்கிப் போடுங்கள். நேரான கைத்துப்பாக்கி உறைக்குக் கார்பைடு டை வாங்கினால் மசகே வேண்டாம்.

இழுக்கும்போது இறுகினால் பலம் கொடுக்காமல் உடனே பின்வாங்குங்கள். நெம்பினால் விளிம்பு பிய்ந்துவிடும். பிறகு அடியில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்கும் தனிக் கருவிதான் வழி.

10. டையை எவ்வளவு கீழே இறக்கணும்? ஷெல் ஹோல்டர் முட்டுற வரைக்குமா?

டை பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கும். எல்லாத் துப்பாக்கிக்கும் உள்ளே போகும் தோட்டா அப்படிக் கிடைக்கும், ஆனால் பல துப்பாக்கிகளில் உறையின் தோள் தேவைக்கு மேல் பின்னே தள்ளப்படும். ஒவ்வொரு சூட்டிலும் உறை முன்னும் பின்னும் இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். சுட்ட உறையின் தோள் இருக்கும் இடத்தைக் கேலிப்பரில் மாட்டும் அளவியால் பாருங்கள். கையால் போல்ட்டை இழுத்துப் பூட்டும் போல்ட் ரைபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னே தள்ளினால் போதும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் தானியங்கி ரைபிளுக்கு 0.003 முதல் 0.004.

மெலிவை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அடிக்கு மேல் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து உள்சுவரில் கீழிருந்து மேலே தடவுங்கள். ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. அதே தொகுப்பில் மற்றவற்றையும் பாருங்கள்.

11. நீளம் வெட்டுறது கட்டாயமா?

ரைபிள் உறைக்குக் கட்டாயம். ஒவ்வொரு முறை சுட்டு டையில் அழுத்தும்போதும் பித்தளை முன்னோக்கி வழிந்து நீளும். .308 வின்செஸ்டரின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டும் நீளம் 2.005. .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. .30-06க்கு 2.494, 2.484. உச்சத்தைத் தாண்டினால் உறையின் வாய் சேம்பரின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். டையில் அழுத்திய பிறகு அளந்து பாருங்கள், முன்பு அல்ல. வெட்டியதும் உள்ளும் புறமும் பிசிறு நீக்குங்கள். இல்லாவிட்டால் குண்டின் மேலுறையைச் செதுக்கிவிடும்.

12. பிரைமர் எவ்வளவு ஆழம் போகணும்? உயரமா இருந்தா என்ன?

உறையின் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம். விரல் நுனியால் தடவினாலே தெரியும். உயரமாக நின்றால் போல்ட் ரைபிளில் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, வெடிக்காமல் போகும். ரிவால்வரில் உருளை சுற்றாது. எம்1 கேரண்ட், ஏஆர்-15 போன்றவற்றில் ஊசி தளர்வாக இருப்பதால் போல்ட் மூடும்போதே பிரைமரைத் தொடும். பிரைமர் உயரமாக இருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டும் முன்பே வெடிக்க வாய்ப்புண்டு. நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சாதாரண பிரைமருக்குப் பதில் மேக்னம் பிரைமர் போடுவதும் 6ஆம் பதிலில் சொன்ன "ஒன்றை மாற்றுவது" தான்.

13. மருந்து போடும்போது நடக்கிற பெரிய தப்பு எது?

இரண்டு முறை போடுவதும், போடாமலே விடுவதும். .38 ஸ்பெஷல் பழைய காலத்துக் கரிமருந்துக்காகப் பிறந்த பெரிய உறை. இன்றைய வேகமாக எரியும் மருந்து அதில் அடியோரம் மட்டும்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. ரிவால்வர் உடையும். மருந்தே இல்லாவிட்டால் பிரைமரின் பலம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலில் பாதியில் நிறுத்திவிடும். அடுத்த தோட்டா அதன்மேல் மோதினால் குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மெலிதாக, உதைப்பு குறைவாக இருந்தால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

தடுக்கும் வழி பழக்கம்தான். காலி உறைகளைத் தலைகீழாக நிறுத்துங்கள், மருந்து போட்டதும் நிமிர்த்திப் பலகையில் வையுங்கள். 50உம் முடிந்ததும் டார்ச் அடித்து மருந்து மட்டத்தை வரிசையாகப் பாருங்கள். ஒன்று உயரமாகவோ தாழ்வாகவோ தெரிந்தால் கொட்டி மறுபடி நிறுங்கள். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மருந்து அளவியில் மிஞ்சியதை அதே டப்பாவுக்குத் திருப்புங்கள். எந்த மருந்து என்று சந்தேகம் வந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. பாதியில் போன் வந்தால் கையில் இருக்கும் உறையைக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள்.

14. குண்டை எவ்வளவு ஆழம் இறக்கணும்? கிரிம்ப் (உறையின் வாயைக் குண்டின்மேல் இறுக்குறது) எல்லாத்துக்கும் வேணுமா?

பட்டியலில் உள்ள மொத்த நீளமே தொடக்கம். .308க்கு உச்சம் 2.810 அங்குலம், மேகசினில் நுழைய வேண்டுமே. 9 எம்எம் போன்ற சிறிய உறையில் குண்டு கொஞ்சம் ஆழமாகப் போனாலும் உள்ளிடம் குறைந்து அழுத்தம் வேகமாக ஏறும். ரைபிளில் எதிர்ப்பக்கத் தவறு: குண்டு குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல் வரியைத் தொடும்படி நீளமாக வைத்தாலும் அழுத்தம் ஏறும்.

9 எம்எம், .45 ஏசிபி உறைகள் வாய் விளிம்பில்தான் சேம்பரில் உட்காருகின்றன. அவற்றுக்கு வாயை நேராக்கும் மெல்லிய டேப்பர் கிரிம்ப் மட்டும். விளிம்பைக் குண்டுக்குள் சுருட்டினால் தோட்டா ஆழமாகப் போய்விடும். உதைப்பு பலமான .357, .44 மேக்னம் ரிவால்வர்களில் குண்டின் பள்ளத்தில் சுருட்டிப் பிடிக்காவிட்டால் உதைப்பில் குண்டு முன்னேறி உருளையை முட்டும். போல்ட் ரைபிளுக்குப் பெரும்பாலும் கிரிம்ப்பே வேண்டாம்.

15. மருந்தைக் குறைச்சுப் போட்டா எப்பவும் பாதுகாப்புதானே?

இல்லை. எச்110 மருந்தும், அதேயான டபிள்யூ296உம் நல்ல உதாரணம். அவற்றைப் பட்டியல் அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று அவற்றை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. குறைந்தால் ஒழுங்காகப் பற்றாது, குண்டு குழலில் சிக்கும். 13ஆம் பதிலின் ஆபத்து மறுபடி வரும். மெதுவாக எரியும் ரைபிள் மருந்தையும் தொடக்க அளவுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்றே பட்டியல் உள்ள மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

16. அழுத்தம் ஜாஸ்தியாயிருச்சுன்னு எப்படித் தெரியும்?

போல்ட் தூக்கக் கனமாக இருப்பது, உறையின் அடியில் எஜெக்டர் (சுட்ட உறையை வெளியே தள்ளும் பாகம்) துளையின் தடம் பளபளப்பாகப் பதிவது, ஒன்றிரண்டு சூட்டிலேயே பிரைமர் குழி தளர்வது: இவற்றில் ஒன்று வந்தாலே நிறுத்திக் கீழே இறங்குங்கள். பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்பாதீர்கள். பிரைமரின் உலோகத்தைப் பொறுத்து அது மாறும். குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) இருந்தால் வேகத்தைப் பாருங்கள். கையேடு சொல்லும் உச்ச வேகத்தை, அதே குழல் நீளத்தில், குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால் அழுத்தமும் அங்கே வந்துவிட்டது. வேகம் காசில்லாமல் கிடைக்காது.

.38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357 மேக்னத்துக்கு 35,000, .308க்கு 62,000. ரைபிளில் பார்க்கும் அடையாளங்கள் .38இல் தெரியத் தொடங்கும்போது வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பட்டியலே காவல். ஜனவரிக் குளிரில் உச்சத்தில் முடிவு செய்த அளவு, டெக்சஸ் ஆகஸ்டு வெயிலில் உச்சத்தைத் தாண்டலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

17. தப்பா நிரப்பிட்டேன். பிரிக்க முடியுமா?

முடியும். சுத்தியல் வடிவ இழுப்பான் ஒன்று உண்டு. தோட்டாவை உள்ளே பூட்டிக் கெட்டியான கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே விழும். கண்ணாடி அணிந்துதான் செய்ய வேண்டும். .22 போன்ற விளிம்படித் தோட்டாவை இதில் வைக்கவே கூடாது.

18. வீட்டுல மருந்தும் பிரைமரும் வைக்கலாமா? குழந்தைங்க இருக்காங்க.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் தரநிலைப்படி, புகையில்லா மருந்து 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வீட்டில் இருக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை, ஒரு அங்குலப் பலகையால் செய்த மரப்பெட்டி. பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பிரைமரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். கம்பெனிப் பெட்டி ஒவ்வொன்றையும் பிரித்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து ஈயத் தூசு. சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் உண்டு. உலர்ந்த முறையில் உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசு காற்றில் பறக்கும். அதை வீட்டுக்குள், குறிப்பாகச் சமையலறையிலோ குழந்தைகள் தவழும் கம்பளத்தின் அருகிலோ ஓட்டாதீர்கள். தண்ணீரில் உருட்டும் முறை தூசைக் குறைக்கும். வேலைக்கு நடுவில் சாப்பிட வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

19. மான் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கேட்கிறாங்க. அதே அளவு மருந்து போடலாமா?

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். முழுச் செம்புக் குண்டு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு அது நீளமாக இருக்கும், உறைக்குள் ஆழமாக இறங்கி இடத்தைப் பிடிக்கும். ஈயக் குண்டின் பட்டியல் இதற்குச் செல்லாது, செம்புக் குண்டுக்கென்று வெளியிட்ட பட்டியலே வேண்டும். வழக்கமாகச் சுடும் எடையைவிட ஒரு படி இலேசானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனென்றால் செம்பு விரிய வேகம் வேண்டும்.

20. என்னோடது .30-30 லீவர் ரைபிள். கூர்மையான குண்டு போட்டா தூரம் கூடுமே?

லீவர் ரைபிள்களில் பெரும்பாலும் இருக்கும் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் குண்டின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் சாய்ந்திருக்கும். கூர்முனை என்றால் உதைப்பின் அதிர்வே ஊசியடியாகி, மேகசினுக்குள்ளேயே தொடர்ந்து வெடிக்கக்கூடும். தட்டை முனைக் குண்டுதான் போட வேண்டும். ஒரு விதிவிலக்கு: கூர்மையாக இருந்தாலும் முனை மெத்தென்று வளையும் ஹார்னடியின் எஃப்டிஎக்ஸ் குண்டு இதற்கென்றே செய்யப்பட்டது. சில தோட்டாக்களில் அதற்காக உறையை வழக்கத்தைவிடக் குட்டையாக வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஹார்னடி கையேட்டில் அந்தக் குண்டுக்குக் கொடுத்துள்ள நீளத்தைப் பின்பற்றுங்கள்.